சீர் சாமானில் ஒரு கம்ப்யூட்டர்

நம் தொழிலில் ரொம்பச் சுலபமான வேலை எது என்று கேட்டால் கடைப் பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் ரீசெட் என்பீர்கள். ஒரு பழைய கம்ப்யூட்டர் கைமாறுகிறது. பழைய ஆளுடையதையெல்லாம் துடைத்துவிட்டுப் புது ஆளுக்குப் புதிதுபோல் கொடுக்க வேண்டும். நாலு இடத்தில் சரி, சரி என்று அழுத்திவிட்டு டீக்கடைக்குப் போய்விடலாம். திரும்பி வரும்போது அதுவே வேலையை முடித்து வைத்திருக்கும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இத்தனை வருடம் கடை நடத்தியதில் என்னைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது எரிந்துபோன மதர்போர்டும் இல்லை, வைரஸும் இல்லை. ஒரு சாதாரண ரீசெட்தான்.

எப்படிச் செய்வது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட வேகமாகவே செய்கிறீர்கள். அந்த வேகத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் இதைக் கேளுங்கள். கேட்டு முடித்தபின் எனக்கு ஒரு பதில் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் நான் இன்னும் தெளியவில்லை.

அன்று வியாழக்கிழமை. கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருக்கிறேன், வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நிற்கிறது. பின்னால் நிறைய வீட்டுச் சாமான். பீரோ, கட்டில், மெத்தை, கிரைண்டர், பித்தளை அண்டா, குடம், தாம்பாளம். பாத்திரம் அத்தனையும் புளி போட்டுத் தேய்த்து, பார்த்தால் கண் கூசியது. யார் வீட்டுக்கோ சீர் போகிறது என்று நினைத்துக்கொண்டு, எந்த ஊரில் கல்யாணம் என்று சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டேன். முன்சீட்டில் இருந்த பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே இறங்கிய இளைஞன்தான் பதில் சொன்னான்.

"கல்யாணம் இல்லங்க சார். திருப்பிக் குடுக்கப் போறோம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு.

அவன் பெயர் செந்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலிகண்டபுரத்துக்காரன். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரியில் டிரைவர். முன்சீட்டுப் பெரியவர் அவனுடைய தாய்மாமன். மனைவிக்கு ஆண்டிமடம் பக்கம், முந்திரித் தோப்பு வைத்திருக்கும் குடும்பம். அவள் பெயர் மலர்க்கொடி என்று இருக்கட்டும். இருவருக்கும் ஒத்துவராமல் போய், அவள் ஒரு கைப்பையோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். சில மாதம் கழித்து இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறார்கள். பெண் கொண்டுவந்த சீரெல்லாம் வந்தது வந்தபடியே திரும்பிப் போக வேண்டும் என்பது பேச்சு. அவர்களுக்குள் என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை. நீங்களும் இந்த மாதிரி இடத்தில் கேட்காதீர்கள்.

வந்தபடியே என்ற சொல்லைச் செந்திலின் அம்மா கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டுவிட்டார். மருமகள் வீட்டார் ஒரு குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது. பாத்திரங்களை உட்கார்ந்து தேய்த்திருக்கிறார், மெத்தைக்குப் புது உறை போட்டிருக்கிறார், பீரோக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளைக்கூடச் சுரண்டி எடுத்திருக்கிறார். கடைசியில் கம்ப்யூட்டர் மிஞ்சியது. அதைப் புளி போட்டுத் தேய்க்க முடியாது. கடையில் கொடுத்தால் சுத்தம் பண்ணித் தருவார்கள் என்று யாரோ சொல்ல, போகிற வழியில் நம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அதிலே வன்மம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மனதோடுதான் அழிக்க வந்தார்கள்.

"வாங்குன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிக் குடுங்க சார். உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றான் செந்தில்.

மாமா இறங்கி வந்து அவசரத்தைச் சொன்னார். ஒன்றரை மணிக்கு ராகு காலம். அதற்குள் அரியலூர், ஜெயங்கொண்டம் தாண்டிப் போய்ப் பெண் வீட்டு வாசலில் சாமானை இறக்கியாக வேண்டும். சேர்வதற்கு நேரம் பார்ப்பது சரி, பிரிவதற்கும் பார்க்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன், ஏற்கெனவே ஒரு தடவை திறந்து பட்டது போதும்.

கம்ப்யூட்டரை மேசையில் வைத்து ஆன் செய்தேன். பாஸ்வேர்டு கேட்டது. செந்திலைப் பார்த்தேன்.

"அது அவளுக்குத்தான் தெரியும்" என்றவன், மாமா இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "அவங்களுக்குத்தான்" என்று திருத்திக்கொண்டான். கட்டிய மனைவியை அவங்க என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான், பாவம்.

பாஸ்வேர்டு இல்லாமலே அழிக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். படிக்கத்தான் பாஸ்வேர்டு வேண்டும், அழிக்க வேண்டாம். இந்த உலகத்தின் எத்தனையோ விபரீதங்களில் இதுவும் ஒன்று. என் பென் டிரைவைச் சொருகி, ரீசெட் வரைக்கும் போய்விட்டேன். எல்லா டிரைவையும் அழித்துவிடவா என்று திரையில் கேள்வி வந்துவிட்டது. சரி என்று அழுத்த வேண்டியதுதான். அழுத்துவதற்குக் கீபோர்டின் மேல் கையைக் கொண்டுபோனபோதுதான் அந்தக் கீபோர்டைச் சரியாகப் பார்த்தேன்.

பாதி எழுத்துகள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. பாட்டுக் கேட்கிறவர்கள், படம் பார்க்கிறவர்கள் கீபோர்டு இப்படித் தேயாது. தினமும் மணிக்கணக்கில் தமிழ் டைப் அடிக்கிற ஆளுடைய கீபோர்டு அது. ஸ்பேஸ் பாரின் ஓரத்தில் மஞ்சள் கறை வேறு. சமையலறையிலிருந்து எழுந்து வந்து அடித்துவிட்டு மறுபடி அடுப்புக்குப் போயிருக்கிற கை. மாமியார் எல்லாவற்றையும் தேய்த்தவர் இதை மட்டும் தொடப் பயந்து விட்டுவிட்டார் போலிருக்கிறது.

"இதுல யாருங்க வேலை பாத்தது?" என்றேன்.

செந்தில் சொன்னான். கல்யாணத்துக்கு முன்னாலேயே மலர்க்கொடி ஜெயங்கொண்டத்தில் ஒரு டைப்பிங் சென்டரில் இருந்தவள். அதனால்தான் அவள் அப்பா சீரோடு கம்ப்யூட்டரும் வாங்கி வைத்திருக்கிறார். வீட்டிலிருந்தே சுற்று வட்டார டியூஷன் சென்டர்களுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுத்திருக்கிறாள். எல்லா வகுப்புக்கும், எல்லாப் பாடத்துக்கும், கல்யாணம் ஆன நாளிலிருந்து.

என் கை தானாகக் கீழே இறங்கியது. டைப் வேலை செய்கிறவர்களுக்குப் பழைய ஃபைல்தான் முதல். போன வருட வினாத்தாளைத் திறந்து, கேள்வியை மாற்றி, எண்ணை மாற்றி, இந்த வருடத்துக்கு ஆக்குவார்கள். கணக்கும் அறிவியலும் படத்தோடு புதிதாக அடிப்பதென்றால் விரல் ஒடிந்துவிடும். அந்தப் பெண் கைப்பையோடு வீட்டை விட்டுப் போனவள். இனிச் சொந்தக் காலில் நிற்க வேண்டுமென்றால் அவளுக்கு இருக்கிற ஒரே பிழைப்பு இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைச் சுத்தம் என்கிற பெயரில் நான் துடைத்துக் கொடுக்கப் போகிறேன்.

திருச்சியில் எனக்குத் தொழில் பழக்கிய ஒருவர் இருந்தார். சிடுமூஞ்சி. யார் அழிக்கச் சொல்லிக் கொண்டுவந்தாலும் முதலில் பாஸ்வேர்டைக் கேட்பார். தெரியாது என்றால், தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார். வந்த வேலையை விரட்டுகிறாரே, பிழைக்கத் தெரியாத மனிதர் என்று அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரிப்போம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் எனக்கு எது சரி என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. இது யாருடைய கம்ப்யூட்டர்? வாங்கியவர் பெண்ணின் அப்பா. அவர் காலமாகிவிட்டார். வந்து நின்றது மாப்பிள்ளை வீட்டில். கொண்டுவந்திருப்பவன் செந்தில். போகப்போவது மலர்க்கொடியின் அண்ணன் வீட்டுக்கு. பாத்திரமாக இருந்தால் வாயோரத்தில் பெயர் வெட்டியிருக்கும், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். பேச்சுவார்த்தையில் பெரியவர்கள் சாமானைப் பிரித்ததும் அப்படிப் பெயரைப் பார்த்துத்தானாம். கம்ப்யூட்டரின் எந்த ஓரத்தில் போய்ப் பெயரைத் தேடுவது?

மாமாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே அந்தப் பெண்ணின் வேலை இருக்கிறது, ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றேன். அவர் உடனே பெண்ணின் அண்ணனுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். அண்ணன்காரர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். அந்த வீட்டு வாசனையே எங்களுக்கு வேண்டாம், எல்லாவற்றையும் சுத்தமாக அழித்துவிடுங்கள், புதுசு மாதிரி வந்தால் போதும், என் பையன் படிப்புக்கு ஆகும் என்றார். சொல்லிவிட்டு நன்றியும் சொன்னார்.

இப்போது பாருங்கள். கொடுக்கிற வீடு அழி என்கிறது. வாங்கிக்கொள்கிற வீடும் அழி என்கிறது. நடுவில் மத்தியஸ்தம் பண்ணிய மாமா மணியைப் பார்க்கிறார். மூன்று ஆண்கள், மூன்று பேருக்கும் ஒரே பேச்சு. கடைக்காரன் எனக்கு இதில் என்ன வந்தது? யோசித்துப் பார்த்தால் எனக்கு அங்கே ஒரு உரிமையும் இல்லை. ஆனாலும் கை எழவில்லை. நான் ஏதோ பெரிய நியாயவான் என்பதால் இல்லை. குழம்பிய கை நல்ல வேளையாக எதையும் அழுத்தாது, அவ்வளவுதான். உங்களுக்கும் குழப்பமாக இருக்கும்போது கையை எடுத்துவிடுங்கள். ரீசெட்டுக்குப் பின்வாங்கத் தெரியாது. நமக்காவது தெரிய வேண்டும்.

அந்தப் பெண்ணின் நம்பரைக் கொடுங்கள் என்று கேட்டேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பேசி முடிச்சாச்சு சார். இனிமே இந்த வூட்டுக்கும் அந்த வூட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. நீங்க புதுசா ஒண்ண ஆரம்பிக்காதீங்க."

அவருடைய கோபமும் எனக்குப் புரிந்தது. எத்தனை நாள் அலைந்து, யார் யார் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, சண்டை இல்லாமல் முடித்து வைத்தாரோ. ஒரு போன் அதைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கும் பயம்தான். கடை வாசலில் இரண்டு குடும்பம் அடித்துக்கொண்டால் நான்தான் காரணம். அப்படி ஆகாது என்று சொல்ல என்னிடம் எந்த உத்தரவாதமும் இல்லை.

செந்தில் அதுவரை பீரோவைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே நின்றபடியே, யாரையும் பார்க்காமல், பத்து எண்ணையும் ஒரே மூச்சில் சொன்னான். போனை எடுத்துப் பார்க்கவில்லை. அவனுக்கு அவளுடைய பாஸ்வேர்டு தெரியாது, நம்பர் மனப்பாடம். மாமா விறுவிறுவென்று போய் வண்டியில் ஸ்டியரிங் பக்கம் ஏறிக்கொண்டார்.

கடை போனிலிருந்து கூப்பிட்டேன். டைப் அடிக்கக் கை வேண்டும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். யார் பேசுகிறேன், எங்கிருந்து பேசுகிறேன், கம்ப்யூட்டர் என் மேசையில் இருக்கிறது, அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் சொன்னேன்.

"அழிக்கவா? யாரு சொன்னாங்க?"

"எல்லாரும்தாம்மா சொல்றாங்க."

"நான் சொல்லலயே சார்."

அவள் சண்டைக்கு வரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. கம்ப்யூட்டர் அண்ணன் பையன் படிப்புக்குப் போகிறது என்று நான் சொன்னதும் அவளுக்குப் புதுச் செய்தியாக இருந்தது போலிருக்கிறது. பிறகு, ஸ்பீக்கரில் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவர் பக்கத்தில் இருக்கிறாரா என்றாள். வாசலில் நிற்கிறார் என்றேன். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பாஸ்வேர்டைச் சொன்னாள். அது என்ன என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். நீங்கள் நினைக்கிற மாதிரி அது செந்தில் பெயர் இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

திறந்தேன். வினாத்தாள்கள் வகுப்பு வாரியாக, பாடம் வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். இந்தக் கடையின் ஃபைல்களை நாம் வைத்திருக்கும் லட்சணத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. அதையெல்லாம் வேறு டிஸ்குக்கு எடுத்துவைத்துவிட்டு மற்றதை அழித்து, பிறகு திரும்பப் போட்டுத் தந்தால் போதும் என்றாள். சரி என்று ஆரம்பித்தேன். கடைசியில் தனியாக ஒரு ஃபோல்டர் நின்றது. கல்யாணம் என்று பெயர். நான் திறக்கவில்லை. திறக்காமலே என்ன என்று தெரிகிறதே. இதை என்னம்மா செய்யட்டும் என்று கேட்டேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அதை நான் மட்டும் சொல்ல முடியாது சார். அவரும் இருக்காருல்ல அதுல."

செந்திலைப் பார்த்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"அவங்க என்ன சொல்றாங்களோ அப்படிச் செய்ங்க சார்" என்றான். அது அவளுக்கும் கேட்டிருக்கும். நடுவில் நான் ஒருத்தன் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேள்வியை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஃபோல்டரை மட்டும் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ரீசெட்டை அழுத்தினேன்.

அது ஓடி முடியும்வரை செந்தில் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். மாமா இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பெட்டி மறுபடி ஆன் ஆனதும், இதை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று பெயர் கேட்டது. ஒவ்வொரு ரீசெட்டிலும் கேட்கிற கேள்விதான், ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். இரண்டு குடும்பம் கூடி உட்கார்ந்து பேசியும் ஒருத்தர் வாயிலும் வராத கேள்வி அந்தப் பெட்டியின் வாயிலிருந்து வந்ததே என்று எனக்கு ஆத்திரமாகக்கூட இருந்தது. அண்ணன் பையன் பெயரை நான் கேட்டு வைத்திருக்கவில்லை. மறுபடி மலர்க்கொடியைத்தான் கூப்பிட்டேன்.

"பேரு என்ன போடட்டும்மா?"

"என் பேரையே போடுங்க."

அடித்தேன். அடித்த கையோடு, பேங்க் பாரத்திலும் ரேஷன் கடையிலும் கேட்டுப் பழகிய வாய், "இனிஷியல்?" என்று கேட்டுவிட்டது. கேட்ட பிறகுதான் உறைத்தது. இத்தனை நாள் அவள் பெயருக்கு முன்னால் செந்திலின் எழுத்து இருந்திருக்கும். கல்யாணம் ஆகும்வரை அப்பாவின் எழுத்து. வாசல்படியில் இருந்தவன் தலையைத் தூக்கினான். சீர் சாமானைக் கல்யாணம் என்று நினைத்துக் கேட்ட அதே வாய்தானே இது, அன்று என் வாய்க்கு என்ன வந்ததோ.

"இனிஷியல் வேணாம் சார்" என்றாள் மலர்க்கொடி. "பேரு மட்டும் போடுங்க."

போட்டேன். பாஸ்வேர்டை அவளே வந்து போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். வினாத்தாளையெல்லாம் திரும்ப ஏற்றி, ஒன்றிரண்டைத் திறந்து பார்த்துவிட்டு அணைத்தேன். செந்தில் பெட்டியைப் பாத்திரங்களோடு பின்னால் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினான். கீபோர்டைத் துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். "இருக்கட்டும் சார், நேரமாயிடுச்சு" என்று வாங்கிக்கொண்டான். ராகு காலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

கொஞ்ச நாள் கழித்து மலர்க்கொடி ஒரு தடவை போன் செய்தாள். பிரிண்டர் வேலை செய்யவில்லை, எதை இன்ஸ்டால் பண்ண வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். அண்ணன் வீட்டுத் திண்டாட்டம் எதுவும் அவள் சொல்லவில்லை. காலாண்டுத் தேர்வு வருகிறது, நிறைய வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அந்தப் பென் டிரைவைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செந்தில் இந்த வழியாகத்தான் லாரியில் போகிறான். சில சமயம் ஹாரன் அடித்துக் கை காட்டுவான். வண்டியை நிறுத்துவதில்லை.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், கடையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு நான் கிளம்புகிறேன், மேசை இனி உங்களுடையது. நடு இழுப்பறையில் ஸ்க்ரூ டப்பாவுக்குப் பின்னால் ஒரு நீலப் பென் டிரைவ் இருக்கிறது. மேலே ஒன்றும் எழுதவில்லை. எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன். அவசரத்துக்குக் காலி பென் டிரைவ் தேடும்போது அதைத்தான் முதலில் எடுப்பீர்கள், எனக்குத் தெரியும். தயவுசெய்து ஃபார்மேட் போட்டுவிடாதீர்கள். அடுத்தவர் கல்யாணத்தை இழுப்பறையில் வைத்திருக்க எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், பதில் வரவில்லை.

அவர்களில் யார் வந்து கேட்டாலும் ஒரு காப்பி கொடுங்கள். ஒருத்தர் மட்டும் வந்து அழித்துவிடுங்கள் என்றால் செய்யாதீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து வந்து சொன்னால் அழித்துவிடலாம். சேர்ந்து வருகிறவர்கள் அப்படிச் சொல்வார்களா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.